‘தி கோர்’: பூமிக்குள் போன படம் ஏன் ஓடவில்லை, இப்போது ஏன் பார்க்கலாம்

பூமியின் நடுவில் இருக்கும் இரும்புக் குழம்பு சுழல்வதை நிறுத்திவிடுகிறது. அதனால் காந்தப்புலம் சரிய ஆரம்பிக்கிறது. இன்னும் ஒரு வருடத்தில் உலகத்தின் கதை முடிந்துவிடும். வழி ஒன்றுதான்: ஆறு பேர் ரயில் மாதிரி நீளமான ஒரு கப்பலில் ஏறி, பாறையைத் துளைத்துக்கொண்டே இறங்கி, அணுகுண்டு வைத்து அந்த இரும்பை மறுபடி சுற்றவிட வேண்டும். 2003 மார்ச் 28 அன்று வெளியான ‘தி கோர்’ படத்தின் கதை இவ்வளவுதான். படிக்கும்போதே சிரிப்பு வந்தால் தப்பில்லை. படத்தில் இருப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்கிறது என்பதுதான் விசேஷம்.

ஆறு கோடி டாலருக்குக் குறையாமல் செலவழித்து எடுத்த படம், உலகம் முழுக்க வசூலித்தது ஏறக்குறைய 7.4 கோடி டாலர். திரையரங்குகளின் பங்கு போனால் கையில் நஷ்டம்தான் நிற்கும். அதற்குப் பிறகு ‘மோசமான அறிவியல் படங்கள்’ என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தப் படத்துக்கு ஓர் இடம் நிரந்தரமாகிவிட்டது. சிட்னி பெர்கோவிட்ஸ் என்ற இயற்பியலாளர் 2010 வாக்கில், ஒரு படத்துக்கு ஒரேயொரு பெரிய அறிவியல் மீறல்தான் அனுமதி என்று ஒரு யோசனை சொன்னார். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய குற்றவாளிகளில் ‘தி கோர்’ உண்டு. இவ்வளவு அபத்தமான அறிவியலை மக்கள் ஏற்காததால்தான் படம் ஓடவில்லை என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1998இல் உலகிலேயே அதிகம் வசூலித்த படம் ‘ஆர்மகெடான்’. எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களை விண்கல்லுக்கு அனுப்பும் கதை. விண்வெளி வீரர்களுக்குத் தோண்டக் கற்றுக்கொடுப்பது சுலபமா, தோண்டுபவர்களை விண்வெளி வீரர்களாக்குவது சுலபமா என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. ‘தி கோர்’ வந்த அடுத்த ஆண்டே வந்த ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’வில், பல்லாண்டுகள் எடுக்க வேண்டிய பருவநிலை மாற்றம் சில நாட்களில் வந்து, குளிர்காற்று மனிதர்களைத் துரத்துகிறது. அது 50 கோடி டாலரைத் தாண்டியது. காதில் பூ சுற்றுவது பார்வையாளர்களுக்குப் பிரச்சினையாக இருந்ததே இல்லை. யார் சுற்றுகிறார்கள், எந்த நேரத்தில் சுற்றுகிறார்கள் என்பதைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

நேரம் உண்மையிலேயே மோசமாக இருந்தது. படத்தின் முதல் பெரிய காட்சி, வழி தவறிய எண்டெவர் விண்ணோடம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கான்கிரீட் ஆற்றுப் படுகையில் இறங்குவது. விளம்பர முன்னோட்டத்தில் அதைத்தான் முன்னால் வைத்திருந்தார்கள். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறி ஏழு பேர் இறந்தார்கள். முன்னோட்டத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. படம் வெளியாவதற்கு எட்டு நாள் முன்பு, மார்ச் 20இல், ஈராக் போர் தொடங்கியது. தொலைக்காட்சியில் உண்மையான குண்டுகள் விழுந்துகொண்டிருந்த வாரத்தில், ரோம் நகரம் இடிவதைப் பொழுதுபோக்காகப் பார்க்க எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள்?

அப்புறம், அந்த வகைப் படங்களே அப்போது ஓய்ந்துகொண்டிருந்தன. ஹாலிவுட்டில் பேரழிவுப் படங்கள் அலை அலையாகத்தான் வரும். 1970களில் கவிழ்ந்த கப்பல், எரியும் கட்டடம், நிலநடுக்கம் என்று ஒரு அலை. 1996இலிருந்து கணினி வரைகலையின் தயவில் இன்னொரு அலை: சூறாவளி, எரிமலை, விண்கல். எரிமலைக்கும் விண்கல்லுக்கும் ஒரே ஆண்டில் இரண்டிரண்டு படங்கள் வந்து மோதின. 2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்ட பிறகு, நகரங்கள் நொறுங்குவதை அதே குஷியோடு காட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அந்த இடைவெளியில் வந்து மாட்டிக்கொண்டது ‘தி கோர்’.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். இதைப் பேரழிவுப் படம் என்று விற்றார்கள். இது பேரழிவுப் படமே இல்லை.

கொலோசியம் மின்னலில் வெடிப்பது, கோல்டன் கேட் பாலம் உருகி அறுவது, இரண்டும் போஸ்டருக்கான காட்சிகள். இரண்டையும் சேர்த்தாலும் படத்தில் சில நிமிடங்கள்தான். படத்திலேயே பலவீனமான பகுதிகளும் அவைதான். வரைகலை வயதாகிவிட்டது, அங்கே சாகும் மனிதர்களில் ஒருவரையும் நமக்குத் தெரியாது. அழிவைப் பார்க்கப் போனவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் மீதி ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் ஓடுவது வேறு படம்: ஒரு குறுகிய குழாய்க்குள் அடைபட்ட ஆறு பேர், ஒருவருக்கும் பழக்கமில்லாத ஒரு கடலுக்குள் இறங்கும் நீர்மூழ்கிக் கதை. ஜூல் வெர்ன் 1864இல் பூமிக்குள் ஆட்களை அனுப்பி எழுதிய சாகசத்தின் வாரிசு என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். அந்தக் கண்ணோட்டத்தில் திரும்பப் போட்டுப் பாருங்கள், படம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்கிறது. (இனிமேல் கதையின் திருப்பங்கள் வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

நீர்மூழ்கிக் கதைக்கு உயிர், கப்பலின் சட்டங்கள். இந்தப் படத்தை எழுதிய கூப்பர் லேன், ஜான் ராஜர்ஸ் இருவரும் அதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ராஜர்ஸ் இயற்பியல் படித்தவர் என்பது இன்னொரு வேடிக்கை. கப்பலின் பெயர் வர்ஜில். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் நரகத்துக்குள் வழிகாட்டிப் போகும் கவிஞரின் பெயர். அது பெட்டி பெட்டியாகக் கோத்த வண்டி. ஒரு பெட்டி உடைந்தால் அதைக் கழற்றி விட்டுவிட்டு மற்றவை போய்க்கொண்டே இருக்கும். எந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கும் ஓர் உலோகத்தால் செய்தது. அந்த உலோகத்துக்குப் படம் வைத்திருக்கும் பெயர் ‘அன்அப்டேனியம்’. கிடைக்கவே கிடைக்காத பொருளைக் குறிக்கப் பொறியாளர்கள் பல காலமாகச் சொல்லிவந்த கேலிப்பெயர் அது. ‘ஆமாம், இது இல்லாத பொருள்தான், மேலே போவோமா?’ என்று படம் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறது.

கண்ணடித்துவிட்ட பிறகு படம் ஏமாற்றுவதில்லை, அதுதான் முக்கியம். பெட்டியைக் கழற்றலாம் என்ற சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். கடைசிவரை ஒவ்வொரு நெருக்கடியும் அந்த ஒரு சட்டத்திலிருந்துதான் பிறக்கிறது. வைரப் பாறைகள் மோதிக் கடைசிப் பெட்டியில் கீறல் விழும்போது உள்ளே இருப்பவர் செர்ஜ், குண்டு நிபுணர். அவசியமான பொருட்களை வெளியே எறிந்துவிட்டு வருவதற்குள் கதவு மூடிக்கொள்கிறது. நண்பனும் கதாநாயகனுமான விஞ்ஞானி ஜாஷ் கண்ணெதிரே அந்தப் பெட்டி மெல்ல மெல்ல நசுங்குகிறது. இசை அலறுவதில்லை, வில்லனும் இல்லை. இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். பொழுதுபோக்குப் படத்தில் இத்தனை கொடூரமான நியாயம் அபூர்வம்.

பிறகு திட்டம் மாறுகிறது. குண்டுகளை ஒரே இடத்தில் வெடித்துப் பயனில்லை, பெட்டிக்கு ஒன்றாகப் பிரித்து வரிசையாக வெடிக்க வேண்டும். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் பெட்டியைக் கழற்ற முடியாதபடி கப்பல் கட்டப்பட்டிருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடே இப்போது குறுக்கே நிற்கிறது. யாராவது ஒருவர் கொதிக்கும் இடைவெளிக்குள் ஊர்ந்துபோய் அந்தப் பூட்டை விடுவிக்க வேண்டும், போகிறவர் திரும்ப மாட்டார். போவது கப்பலைக் கட்டிய பிராஸ். அவர் கட்டிய இயந்திரம், அதன் குறைக்கு அவரே விலை கொடுக்கிறார். திரைக்கதை வகுப்பில் இதைப் பாடமாக வைக்கலாம், நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

நடிகர்கள் இல்லையென்றால் இதெல்லாம் எடுபட்டிருக்காது. ஆரோன் எக்கார்ட், ஹிலாரி ஸ்வாங்க், டெல்ராய் லிண்டோ, ஸ்டான்லி டூச்சி, புரூஸ் கிரீன்வுட், செக்கி காரியோ. ஒருவரும் வசூல் நட்சத்திரம் இல்லை. போஸ்டரில் முகத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்க ஆளில்லாததும் படம் ஓடாததற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும். ஆனால் எல்லோரும் தேர்ந்த நடிகர்கள். ஸ்வாங்க் அதற்குள் ஓர் ஆஸ்கர் வாங்கியிருந்தார். இயக்குநர் ஜான் அமியேல், 1986இல் பிபிசி தயாரித்த ‘தி சிங்கிங் டிடெக்டிவ்’ தொடரை இயக்கியவர், நடிகர்களை வைத்து வேலை வாங்கத் தெரிந்தவர். அபத்தமான வசனத்தை நடிகர் நக்கலாகச் சொன்னால் படம் அந்த நொடியே செத்துவிடும். இங்கே ஒருவர்கூட அதைச் செய்யவில்லை. காந்தப்புலம் போனால் பூமிக்கு என்ன ஆகும் என்று தளபதிகளுக்குப் புரியவைக்க, ஜாஷாக வரும் எக்கார்ட் ஒரு பீச் பழத்தைத் தீயில் கருக்கிக் காட்டும் காட்சியைப் பாருங்கள். அத்தனையும் தப்பான அறிவியல். ஆனால் தூக்கமில்லாத ஓர் ஆசிரியர் மாணவர்களுக்கு நடத்துகிற மாதிரியே நடத்துகிறார்.

டூச்சிக்குத் தனிப் பத்தி வேண்டும். அவர் நடித்த ஸிம்ஸ்கி, அரசாங்கத்துக்குச் செல்லமான பிரபல விஞ்ஞானி. வாரிவிட்ட தலைமுடி, கையில் சிகரெட், பழைய நண்பன் பிராஸின் ஆராய்ச்சியைத் தன் பெயரில் போட்டுக்கொண்ட வரலாறு. கப்பலுக்குள்ளும் ஒலிப்பதிவுக் கருவியில் தன் சுயசரிதைக்கான வரிகளைப் பேசிக்கொண்டே வருகிறார். கடைசியில் ஒரு பெட்டியில் குண்டோடு மாட்டிக்கொள்ளும்போதும் பழக்கதோஷத்தில் கருவியை எடுத்துப் பேச ஆரம்பிக்கிறார். நடுவில், இதை யார் கேட்கப்போகிறார்கள் என்று உறைக்கிறது. அப்போது வரும் அந்தச் சிரிப்பு! படம் முழுக்க நாம் வெறுத்த மனிதனை முப்பது விநாடியில் பிடிக்கவைத்துவிடுகிறார் டூச்சி. இத்தனைக்கும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, திருந்தவும் இல்லை.

தொடக்கமும் நன்றாகக் கட்டியது. பாஸ்டனில் ஒரே நேரத்தில் ஒரே பகுதியில் பலர் சுருண்டு விழுகிறார்கள். எல்லோருக்கும் நெஞ்சில் பேஸ்மேக்கர் என்ற இதயத் துடிப்புக் கருவி. லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் புறாக்கள் திசை தெரியாமல் கண்ணாடிகளில் மோதிச் சாகின்றன. துப்பறியும் கதை போல இந்தத் துணுக்குகளைச் சேர்த்துத்தான் ஜாஷ் பூமியின் நடுவுக்கு வருகிறார். ‘உலகம் அழியப்போகிறது’ என்று முதல் காட்சியிலேயே கத்தாமல், சின்னச் சின்ன விநோதங்களால் சந்தேகத்தைக் கிளப்பும் இந்தப் பொறுமை பல பெரிய படங்களுக்கு வாய்க்கவில்லை.

சரி, அறிவியலுக்கு வருவோம். அதைப் பேசாமல் இந்தப் படத்தைப் பேசி முடிக்க முடியாது, பேசுவதும் பாதி சந்தோஷம்.

பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,890 கிலோமீட்டர் ஆழம் வரை கவசம். அதற்குக் கீழே திரவ இரும்பாலான வெளிக் கருவம். நடுவில் சுமார் 1,220 கிலோமீட்டர் ஆரமுள்ள திட உட்கருவம். இந்த உட்கருவத்தை 1936இல் நிலநடுக்க அலைகளை வைத்துக் கண்டுபிடித்தவர் இன்கே லேமன் என்ற டென்மார்க் விஞ்ஞானி. நேரில் போய்ப் பார்த்தவர் யாருமில்லை. மனிதர் தோண்டியதில் மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970இல் ஆரம்பித்து, 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். அங்கே வெப்பம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, 180 டிகிரி செல்சியஸாக இருந்தது. அதற்குமேல் அதிகம் முன்னேற முடியாமல் வேலையை நிறுத்தினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பில் மொத்த தூரத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. வர்ஜில் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது.

வர்ஜிலின் ஜன்னலில் தெரியும் கவசம் ஒளிரும் குழம்புக் கடலாக இருக்கிறது. உண்மையில் கவசம் பெரும்பாலும் திடப் பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் மட்டும் மெல்ல நெகிழ்ந்து நகரும் பாறை. அதன் நடுவே கப்பல் போய் விழும் செவ்வந்திக்கல் குகை அழகுதான். படத்தில் கண்ணுக்கு மிக அழகான இடமும் அதுதான். ஆனால் அந்த அழுத்தத்தில் எந்த வெற்றிடமும் ஒரு கணம்கூடத் திறந்திருக்காது. கருவத்தின் விளிம்பிலேயே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பதின்மூன்று லட்சம் மடங்குக்கு மேல். ஆறு பேரில் சிலர் பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு வெளியே நடந்துபோய்க் கப்பலைச் சரிசெய்வதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடிப்படைக் கருவே தப்பா என்றால், முழுக்கத் தப்பில்லை. காந்தப்புலம் வெளிக் கருவத்தின் திரவ இரும்பின் ஓட்டத்தால்தான் உண்டாகிறது, இது சரி. ஆனால் அந்த ஓட்டம் படத்தில் வருவதுபோல ராட்சதச் சக்கரம் அல்ல. விநாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, சிக்கலான புரளல். அது நின்றால்கூடக் காந்தப்புலம் மறுநாளே மறையாது, தேய்ந்துபோக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும். பெரிய ஓட்டை எதுவென்றால், கோல்டன் கேட் பாலத்தை உருக்கும் நுண்ணலைகள். காந்தப்புலம் தடுப்பது சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்களை. நுண்ணலைக்கு மின்னேற்றம் கிடையாது. காந்தப்புலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் பாட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும், இப்போதும் வருகிறது, பாலமும் நிற்கிறது.

புறாக்கள் விஷயம் பாதிச் சரி. பறவைகள் பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து திசை அறிகின்றன என்பது 1960களிலிருந்து பல சோதனைகளில் தெரிந்த ஒன்று. 1971இல் வில்லியம் கீட்டன் புறாக்கள் மேல் சின்னக் காந்தங்களைக் கட்டிப் பறக்கவிட்டார். மேகமூட்டமான நாட்களில் அவை வழி தவறின. வீடு திரும்பும் வழி தவறலாம். ஆனால் எதிரே நிற்கும் கட்டடம் தெரிவதற்குப் புறாவுக்குக் கண் இருக்கிறது, காந்தம் வேண்டாம். பேஸ்மேக்கர்? பூமியின் காந்தப்புலம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தைவிடப் பல மடங்கு பலவீனமானது. அது குறைவதால் எந்த இதயமும் நிற்காது.

காந்தப்புலம் பலவீனமாவது மட்டும் கற்பனை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அளக்கத் தொடங்கியதிலிருந்து ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைந்திருக்கிறது. தெற்கு அட்லாண்டிக்குக்கு மேலே ஒரு பலவீனமான பகுதி உண்டு. ஹப்பிள் தொலைநோக்கி அதைக் கடக்கும்போது தன் ஆய்வு வேலையை நிறுத்தி வைக்கிறது. வடக்கும் தெற்கும் இடம் மாறுவதும் பலமுறை நடந்ததுதான். கடைசியாக முழுமையாக மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. நம் மூதாதையர்கள் அதைக் கவனித்ததற்கான அடையாளம்கூட இல்லை. அது எந்தப் போஸ்டருக்கும் உதவாத பேரழிவு.

இத்தனை ஓட்டைகளும் தெரிந்த பிறகு படம் பிடிக்காமல் போய்விடுமா? எனக்கு நேர்மாறாக நடந்தது. எங்கே உண்மை நிற்கிறது, எங்கே கயிறு திரிக்கிறார்கள் என்று பிடிப்பதே ஒரு விளையாட்டு. கும்பலாக உட்கார்ந்து பார்த்தால் இன்னும் ருசி. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இரண்டரை நட்சத்திரம்தான் கொடுத்தார், ஆனால் இந்தப் படத்தின் மீது தனக்கு நியாயமில்லாத ஒரு பாசம் இருப்பதாக ஒப்புக்கொண்டே அதைக் கொடுத்தார். நான் அந்த அரை நட்சத்திரத்தில் கஞ்சத்தனம் பிடிக்க மாட்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டேகால் மணிநேரம் கொஞ்சம் நீளம். மேலே கட்டுப்பாட்டு அறையில் நடக்கும் அரசியல் சிக்கல், அதிலும் பூமியின் கருவத்தை நிறுத்தியதே அமெரிக்க ராணுவத்தின் ரகசிய ஆயுதம்தான் என்ற திருப்பம், இன்னும் கூர்மையாக இருந்திருக்கலாம். ‘ராட்’ என்ற ஹேக்கர் பையன் ஒற்றை ஆளாக இணையத்தில் செய்தி பரவாமல் தடுப்பது இன்று பார்த்தால் வெடிச்சிரிப்பு. முகநூலும் யூடியூபும் பிறப்பதற்கு முந்தைய படம், அதனால் மன்னிக்கலாம். அவனே கடைசியில் அத்தனை ரகசியத்தையும் உலகத்துக்கு அவிழ்த்துவிடுகிறான் என்பது நல்ல கணக்கு.

படம் வெளியான அதே வசந்த காலத்தில், மே மாதம், ‘நேச்சர்’ ஆய்விதழில் டேவிட் ஸ்டீவன்சன் என்ற கால்டெக் (கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக) விஞ்ஞானி பூமியின் கருவத்துக்கு ஆய்வுக் கருவி அனுப்ப ஒரு யோசனையை எழுதினார். பாதி விளையாட்டாக, ஆனால் கணக்கெல்லாம் போட்டு. நிலத்தில் அணுகுண்டு அளவு சக்தியால் ஒரு விரிசல் உண்டாக்க வேண்டும். அதில் ஒரு லட்சம் டன்னோ அதற்கு மேலோ உருகிய இரும்பை ஊற்ற வேண்டும். இரும்பு பாறையைவிடக் கனம் என்பதால் தன் எடையாலேயே விரிசலைக் கீழே கீழே கிழித்துக்கொண்டு போகும், பின்னால் விரிசல் மூடிக்கொண்டே வரும். பம்ப்ளிமாஸ் பழம் அளவுள்ள ஒரு கருவி அந்த இரும்போடு சேர்ந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் கருவத்தை எட்டும், அதிர்வுகள் மூலம் மேலே தகவல் அனுப்பும். அணுகுண்டு உண்டு, உருகிய இரும்பு உண்டு, ஒருவழிப் பயணமும் உண்டு. ஹாலிவுட் தயாரிப்பாளருக்கு அதில் ஒரே குறைதான் தெரிந்திருக்கும்: உள்ளே உட்கார்ந்து சண்டை போட ஸ்டான்லி டூச்சிக்கு இடமில்லை.